தீயணைப்பவனுக்குச் சங்கம் வேண்டாமா?



சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களுக்குச் சிராங்கூன் சாலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேக்கா சந்தையும், வீரமாகாளியம்மன் கோயிலும், பூக்கடைகளும், துணிக்கடைகளும் நிறைந்த அந்த வட்டாரத்தைத்தான் லிட்டில் இந்தியா என்கிறார்கள். கோயிலைத் தாண்டி மேலே நடந்தால் ஓவன் சாலை வந்து சேரும் மூலை ஒன்று இருக்கிறது. அந்த மூலையில் 1986-ம் வருஷம் மார்ச் 15-ம் தேதி, சனிக்கிழமை முற்பகலில், ஆறு மாடிக் கட்டிடம் ஒன்று ஒரு நிமிஷத்துக்குள் இடிந்து மண்ணோடு மண்ணாயிற்று. அதற்கு நியூ வோர்ல்ட் ஹோட்டல் என்று பெயர். கீழே பாங்கு, மேலே ஹோட்டல் அறைகள். கட்டிடத்தின் சொந்தப் பாரத்தையே கணக்கில் சேர்க்காமல் தூண்களைக் கணக்கிட்டுவிட்டார்கள் என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. இடிபாட்டில் சிக்கியவர்களில் 33 பேர் மாண்டார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

அந்தப் பதினேழு பேரை யார் மீட்டார்கள்? தீயணைப்புச் சேவை ஊழியர்களும், ராணுவத்தாரும், அப்போது நகரில் சுரங்க ரயில் பாதை தோண்டிக்கொண்டிருந்த அந்நிய நாட்டுத் தொழிலாளர்களும் ராவும் பகலுமாக இடிபாட்டுக்குள் தவழ்ந்து போய் மீட்டார்கள். எந்த நேரத்தில் மேலே நிற்கும் பாளம் சரியும் என்று தெரியாது. தெரியாமலேதான் போனார்கள். சுரங்கம் தோண்டும் கூலித் தொழிலாளியின் கைத்திறமை அன்று பட்டம் பெற்றவர்களின் படிப்புக்குச் சமமாக நின்றது என்பதை நம் கிராணிமார்களும் கவனிக்க வேண்டும்.

இந்த வாரம் இதை ஏன் எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். பால் வெட்டுகிறவர்களுக்கும் நெருப்பு அணைக்கிறவர்களுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது.

நாம் வளர்ந்த தோட்டத்தில் ஒரு ராத்திரி ஸ்மோக்ஹவுஸ் பற்றிக்கொண்டது. ரப்பர் ஷீட் எப்படி எரியும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். கரும்புகை லயத்து வரிசையையே மூடிவிட்டது. பட்டணத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஆண்களும் பெண்களும் பால் வாளிகளில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, கைக்குக் கை மாற்றி ஊற்றினார்கள். ஒருவருக்கு முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. விடியற்காலை வழக்கம்போல் பிரட்டுக்கு மணி அடித்தார்கள். தூங்காத கண்ணோடு வெட்டுக்குப் போனவர்களுக்கு அரை நாள் பேர். போகாதவர்களுக்குப் பேரே இல்லை. ராத்திரி வேலை செக்ரோலில் ஏறவில்லை. அன்று வந்து இறங்கிய தீயணைப்பு வீரர்களில் ஒருவர், நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே எங்கள் கங்காணியிடம், “உங்களுக்காவது கேட்க ஒரு சங்கம் இருக்கிறது” என்றார். அந்த வார்த்தை இன்றும் காதில் நிற்கிறது.

உலகத்தில் தீயணைப்பவர்களின் சங்கச் சரித்திரத்தைப் புரட்டினால், முதல் பக்கத்திலேயே நம் லயம் தெரியும். முதல் உலக யுத்தத்துக்கு முன் லண்டன் மாநகரத் தீயணைப்பு வீரன் நிலையத்திலேயே குடியிருந்தான். இரவு பகல் என்ற பிரிவே இல்லை. எந்த நேரம் மணி அடித்தாலும் ஓட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. வீடும் முதலாளி வீடு, வேலையும் முதலாளி வேலை. வேலை போனால் அன்றே பெண்டு பிள்ளைகளோடு வீதி. சிங்கப்பூர் ஹில் ஸ்ட்ரீட்டில் 1909-ல் கட்டிய மத்திய தீயணைப்பு நிலையமும் அந்த முறையில் கட்டியதுதான். சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் கோடு போட்ட அழகான கட்டிடம். இன்றும் அது நிலையமாகவே இயங்குகிறது. கீழே வண்டிகள், மேலே ஊழியர் குடும்பங்களுக்குக் குடியிருப்பு, அதற்கும் மேலே ஒரு கோபுரம். தெருவுக்குத் தெரு டெலிபோன் வராத காலத்தில் அந்தக் கோபுரத்தில் ஓர் ஆள் நின்று, நகரத்தில் எங்கே புகை கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். குடியிருப்பு கொடுப்பது சலுகை என்று நிர்வாகம் சொல்லும். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு என்பதை லயத்தில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

லண்டன் வீரர்கள் சும்மா இருக்கவில்லை. நகராட்சித் தொழிலாளர் சங்கத்தின் கிளையாக முதலில் கூடினார்கள். 1918-ல், யுத்தம் முடியும் தறுவாயில், தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள். அதுதான் பிற்பாடு தீயணைப்புப் படையினர் சங்கம் என்று பெயர் பெற்றது. அதே 1918-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தீயணைப்பு வீரர்கள் தங்கள் சர்வதேசச் சங்கத்தை அமைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. யுத்தம் சாமான் விலையை ஏற்றிவிட்டது, சம்பளத்தை ஏற்றவில்லை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதுதான் காரணம்.

சங்கம் வந்த இரண்டே வருஷத்தில், 1920-ல், லண்டனில் இரண்டு ஷிப்டு முறை வந்தது. வாரத்துக்கு 72 மணி நேரம். இதைக் கேட்டால் இன்றைய இளைஞர் சிரிப்பார். ஆனால் முந்நூற்றுச் சொச்ச நாளும் நிலையத்திலேயே கட்டுண்டு கிடந்தவனுக்கு, ‘இது என் நேரம், இது நிர்வாகத்தின் நேரம்’ என்று முதன்முதலாகக் கோடு கிழித்தது அந்த 72 மணிதான். அதற்குப் பிறகு கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனார்கள்.

இரண்டாம் யுத்தம் வந்தது. துணைப் படை என்று ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்களை வேலைக்கு எடுத்தார்கள். நிரந்தர வீரர்களில் சிலர் இவர்களைச் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்றார்கள். நேற்று வந்தவன் நம் கூலியைக் குறைப்பான் என்று பயந்தார்கள். 1939-ல் பொதுச் செயலாளராக வந்த ஜான் ஹார்னர் என்ற இளைஞர் அதைக் கேட்கவில்லை. வெளியே விட்டால்தான் கூலியைக் குறைப்பான், உள்ளே சேர்த்தால் நம்மோடு நிற்பான் என்று வாதாடி, துணைப் படையினரைப் பெண்கள் உட்படச் சேர்த்துக்கொண்டார். சில ஆயிரம் பேர் இருந்த சங்கம் பல்லாயிரம் பேருடையதாயிற்று. ஒப்பந்தத் தொழிலாளியையும் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளியையும் என்ன செய்வது என்று இன்றும் விவாதிக்கும் நம் கிளைகள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

இனி வேலைநிறுத்தத்துக்கு வருவோம். தீயணைப்பவன் வேலைநிறுத்தம் செய்யலாமா? வீடு பற்றி எரியும்போது சம்பளம் பேசலாமா? இந்தக் கேள்வியை எதிரி மட்டும் கேட்பதில்லை, நல்லெண்ணம் உள்ளவர்களும் கேட்கிறார்கள். ஆகவே நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சங்கமே ஏறக்குறைய அறுபது வருஷம் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்ததில்லை. 1977 நவம்பர் 14-ம் தேதிதான் முதல் தடவை. 30 சதவிகிதச் சம்பள உயர்வு கேட்டார்கள். விலைவாசி கடுமையாக ஏறிக்கொண்டிருந்த காலம். அரசாங்கமோ யாருக்கும் 10 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்று கோடு போட்டிருந்தது. அதுவும் தொழிற்கட்சி அரசாங்கம்! ‘நம் ஆட்சி’ வந்துவிட்டால் சங்கம் எதற்கு என்று பேசுகிறவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறோம். ராணுவத்தாரைப் பழைய பச்சை நிற வண்டிகளில் ஏற்றி நெருப்பணைக்க அனுப்பினார்கள். பனிக்காலத்தில் நிலைய வாசல்களில் கட்டை எரித்துக் குளிர் காய்ந்துகொண்டு வீரர்கள் ஒன்பது வாரம் நின்றார்கள். நடுவில் கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி தீப்பிடித்தது. மறியலில் நின்றவர்கள் மறியலை விட்டுவிட்டு ஓடிப்போய் நோயாளிகளைக் காப்பாற்ற உதவினார்கள். ‘உயிரைப் பணயம் வைத்துப் பேரம் பேசுகிறார்கள்’ என்று எழுதிய பத்திரிகைகளுக்கு அது பதில்.

முடிவில் உடனே கிடைத்தது 10 சதவிகிதம்தான். தோற்றார்கள் என்றுகூட அன்று சிலர் சொன்னார்கள். ஆனால் அதோடு சேர்த்து ஒரு சூத்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களில் மேல்நிலையில் சம்பாதிக்கிறவர்களின் வருமானத்தோடு தீயணைப்பு வீரனின் சம்பளத்தைக் கட்டிவைக்கும் சூத்திரம் அது. ஒவ்வொரு வருஷமும் கையேந்த வேண்டியதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சூத்திரம் அவர்களைக் காத்தது. ரப்பர் விலையோடு கூலியைக் கட்டி, விலை விழுந்தபோதெல்லாம் கூலி விழக் கண்ட நமக்குச் சூத்திரத்தின் அருமையும் தெரியும், அபாயமும் தெரியும். எதோடு கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். அங்கே முறையான தீயணைப்புப் படை 1888-ல் ஏற்பட்டது. 1961 மே 25-ம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய தீ ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அத்தாப்புக் கூரைகள், குறுகிய சந்துகள், தண்ணீர்க் குழாயில் அழுத்தமில்லை. வண்டியை உள்ளே கொண்டுபோகவே வழியில்லாமல் வீரர்கள் தவித்தார்கள். 1980-ல் படையின் பெயர் தீயணைப்புச் சேவை என்று மாறியது. நியூ வோர்ல்ட் ஹோட்டல் கற்றுக்கொடுத்த பாடத்தால் 1989-ல் அது குடிமைத் தற்காப்புப் படையோடு இணைக்கப்பட்டது.

வேலைநிறுத்த விஷயத்திலோ அங்கே 1955-ல் ஒரு சட்டம் வந்தது. தண்ணீர், எரிவாயு, மின்சாரம் ஆகிய மூன்றிலும் வேலைநிறுத்தம் அறவே கூடாது. மற்ற அத்தியாவசியச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் கூடாது. அதற்குத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் என்று பெயர். தற்காலிகம்! ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை நீட்டி நீட்டி, எழுபது வருஷம் ஆகிவிட்டது. 2012-ல் சீனாவிலிருந்து வந்த பஸ் ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்குப் போகாமல் நின்றபோதும் இந்தச் சட்டத்தின்கீழ்தான் சிலரைச் சிறைக்கு அனுப்பினார்கள். 29 பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அத்தியாவசியம் என்ற சொல் சிங்கப்பூரில் நம்மவர்களை எப்படி நடத்தியது என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 1952 மே மாதம் தபால்காரர்கள் சுமார் 500 பேர் வேலையை நிறுத்தினார்கள். மலாய்க்காரர்களும் இந்தியர்களுமே அதிகம். அவசரகாலச் சட்டத்தின் பயம் ஊரையே கவ்வியிருந்த நேரம். தபால் நிலையத்துக்குத் துப்பாக்கி பிடித்த கூர்க்காக்களைக் காவல் வைத்தார்கள். லீ குவான் இயூ என்ற இளம் வழக்கறிஞர் சங்கத்தின் சட்ட ஆலோசகர். தங்கள் கோரிக்கையைக் கணக்கு வழக்கோடு பொதுஜனத்தின் முன் வைத்தார்கள். வெயிலிலும் மழையிலும் வீடு தேடி வருகிறவனுக்கு இவ்வளவுதான் சம்பளமா என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு வாரத்தில் சர்க்கார் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. தபால்காரர்கள் வென்றார்கள்.

பதினைந்து வருஷம் கழித்து, 1967 பிப்ரவரி 1-ம் தேதி, பொதுச் சுகாதாரப் பிரிவின் நாள்கூலித் தொழிலாளர்கள் 2,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்தின் குப்பையை அள்ளியவர்கள். தமிழர்கள் ஏராளம். சம்மேளனத்தின் தலைவர் கே. சுப்பையா. இந்தத் தடவை எதிரே இருந்தது வெள்ளைக்காரச் சர்க்கார் அல்ல. சுதந்திரம் பெற்று இரண்டு வருஷம்கூட ஆகாத புது அரசாங்கம், அதன் பிரதமர் அன்று தபால்காரர்களுக்காக வாதாடிய அதே வழக்கறிஞர். வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றார்கள். வேலை வேண்டுமானால் புதிதாக மனுப் போட வேண்டும் என்றார்கள். சுப்பையாவும் மற்றத் தலைவர்களும் கைதானார்கள். சங்கத்தின் பதிவு போயிற்று. சில நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. பிற்பாடு பார்த்தால் சங்கத்தின் பக்கத்திலும் தவறு இருந்தது. பொதுஜனத்தைத் தயார் செய்யாமலும், மற்றச் சங்கங்களின் ஆதரவைத் திரட்டாமலும் இறங்கினார்கள். 1952-ல் இருந்த இரண்டும் 1967-ல் இல்லை. ஆனால் சங்கம் செய்த தவற்றுக்குத் தண்டனை சங்கத்தையே ஒழிப்பதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நம் வாதத்துக்கு வருகிறோம். சில வேலைகள் நின்றால் மனித உயிர் போகும். தீயணைப்பு அதில் ஒன்று. அங்கே வேலைநிறுத்தத்துக்குக் கட்டுப்பாடு இருக்கலாம் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனமே ஒப்புக்கொள்கிறது. நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே ஸ்தாபனம் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது, அவற்றை ஏனோ யாரும் உரக்கப் படிப்பதில்லை. ஒன்று, 1948-ம் வருஷத்து 87-ம் ஒப்பந்தப்படி சங்கம் அமைக்கும் உரிமையில் நாடுகள் விலக்கு வைக்கக்கூடியது ராணுவத்துக்கும் போலீசுக்கும் மாத்திரமே. தீயணைப்பவன் அந்த விலக்கில் சேரமாட்டான். இரண்டாவது, வேலைநிறுத்தத்தைப் பறித்தால் அதற்கு ஈடாக, பாரபட்சமில்லாத, தாமதமில்லாத நடுவர் தீர்ப்பு முறையைக் கொடுத்தாக வேண்டும். கையைக் கட்டினால் வாயைத் திறந்துவிட வேண்டும். கையையும் கட்டி வாயையும் கட்டுவது எந்த நியாயம்? 87-ம் ஒப்பந்தத்தில் சிங்கப்பூரும் கையெழுத்திடவில்லை, மலேசியாவும் கையெழுத்திடவில்லை. ஜப்பான் 1965-ல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தன் தீயணைப்பு ஊழியர்களைச் சங்கத்துக்கு வெளியே வைத்து, அதற்காக ஸ்தாபனத்தின் கண்டனத்தைத் திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறது. தென் கொரியா 2021 ஜூலையில் கதவைத் திறந்தது. திறந்ததால் சியோலில் நெருப்பு அணையாமல் போய்விடவில்லை.

சம்பளத்துக்கு மட்டுமல்ல சங்கம். 1944 ஏப்ரல் 14-ம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் சேர்ந்து ஏற்றிய கப்பல் ஒன்று தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் அது வெடித்தபோது மாண்டார்கள். அந்தத் தேதியைத்தான் இந்தியா தீயணைப்புச் சேவை நாளாக அனுசரிக்கிறது. வெடிமருந்தோடு பஞ்சை ஏற்றியது அவர்கள் செய்த வேலையா? ஆபத்தை ஒருவன் உண்டாக்குகிறான், அதில் இன்னொருவன் சாகிறான். நெருப்பில் உடனே சாகாதவனுக்குப் புகை இருக்கிறது. தீயணைப்புத் தொழிலே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2022-ல் வகைப்படுத்தியது. புகை படிந்த உடுப்பைத் துவைக்க நிலையத்திலேயே இயந்திரம் வேண்டும், அந்த உடுப்போடு வீட்டுக்குப் போகக்கூடாது, நோய் வந்தால் வேலையால் வந்ததா என்று செத்தவன் மனைவியை நிரூபிக்கச் சொல்லக்கூடாது என்றெல்லாம் பல வருஷமாகக் கேட்டு வந்தவை அவர்களின் சங்கங்கள்தான். தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடித்த நம் பெண்களின் நகமும் கண்ணும் போனதை யார் முதலில் கணக்கெடுத்தார்கள்? பாராகுவாட் மலேசியாவில் தடையானது 2020-ல். அதற்காக எத்தனை வருஷம் கத்த வேண்டியிருந்தது!

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, அதே லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் சாலையில், தமிழ்நாட்டிலிருந்து கட்டிட வேலைக்கு வந்த 33 வயது இளைஞர் ஒருவர் பஸ் சக்கரத்தில் சிக்கி மாண்டார். கூட்டம் கொதித்தது. பஸ்ஸுக்கு அடியில் கிடந்த உடலை வெளியே எடுக்க வந்த குடிமைத் தற்காப்புப் படையினர் மீது கல்லும் பாட்டிலும் விழுந்தன. அடி வாங்கிக்கொண்டே உடலை எடுத்தார்கள். பஸ் ஓட்டுநரையும் உடனிருந்த பெண்ணையும் மறைத்துக் காப்பாற்றினார்கள். அவர்கள் வந்த ஆம்புலன்ஸ் எரிந்தது. கல்லெறிந்ததை நாம் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டோம். எறிந்தவனும் ஊரை விட்டு வந்து வாரத்துக்கு ஒரு நாள் மூச்சுவிடும் தொழிலாளி, அடி வாங்கியவனும் சம்பளத்துக்கு உழைக்கும் தொழிலாளி. அந்த ராத்திரி இருவரும் ஒருவருக்கொருவர் எதிராக நின்றதைப் போல வேதனை தரும் காட்சி வேறில்லை.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் தோட்டத்துக் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக் கிராணி ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்மோக்ஹவுஸிலோ, ஸ்டோரிலோ, லயத்திலோ தீப்பிடித்தால் அணைக்கப் போகிறவனுக்கு அந்த நேரத்துக்குக் கூலி உண்டா, மறுநாள் ஓய்வு உண்டா, காயம் பட்டால் யார் பொறுப்பு என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். லயத்தில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா, மணல் வாளி இருக்கிறதா, பக்கத்து நிலையத்திலிருந்து வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாத கிளைகள் தோட்டப் பெயரோடு நமக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு வைக்கும் கோரிக்கைகளில் அது போக வேண்டும்.